கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன், சிரியுங்கள், எனக்கொன்றுமில்லை.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் இருக்கும். துறைமுகத்தைப் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பயிற்சி ஆசிரியை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எங்கள் துறைமுகத்துக்கு வந்த வரலாறுதான் நான் பரீட்சைக்கு நடத்த வேண்டிய பாடம். ஏற்கெனவே ஒரு தடவை சறுக்கியவள், இதிலும் சறுக்கினால் நியமனம் கிடையாது. மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளரோ என் பாடக்குறிப்பைத் திருப்பித் தந்துவிட்டார். ஆசிரியர் கேட்பதை ஒரு பக்கத்திலும் மாணவர் சொல்லப்போகும் பதிலை மறுபக்கத்திலும் எழுத வேண்டும், நான் மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

"பிள்ளையள் என்ன சொல்லுவினம் எண்டு எழுதேல்லயே, டீச்சர்?"

"அதுகள் சொன்னாத்தானே சேர் தெரியும்!"

முகத்தைச் சுழித்துக்கொண்டு போனார். எனக்கும் கோபம்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வெறும் வகுப்பில் நின்று, வரிசையாய்க் கிடந்த வாங்குப் பலகைகளில் பிள்ளைகள் இருப்பதாக நினைத்துப் பாடத்தைச் சத்தமாக நடத்திப் பார்த்தேன். பயிற்சியில் எல்லோரும் செய்வதுதான். "கப்பல்கள் ஏன் இங்கே வந்தன?" என்று கேட்டு, பதிலுக்காக நிறுத்தினேன்.

"தண்ணிக்கு வந்தவங்கள். பிறகு போகேல்ல."

கடைசி வாங்கிலிருந்து, ஒரு சிறுபெண்ணின் குரல். நம்பினால் நம்புங்கள், பட்டப்பகல், அங்கே ஒருவருமில்லை. பயம் வந்தது, ஓம், வந்தது. ஆனால் ஓடவில்லை. அந்தப் பதிலை அப்படியே மறுபக்கத்தில் எழுதினேன்.

மறுநாள் பாடம் நன்றாகவே போனது. கடைசி வாங்கில் தனியே இருந்து பார்த்த விரிவுரையாளர் வெளியே வந்தார்.

"நீங்கள் பாஸ். ஆனா எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லேல்லயே?"

"என்ன கேட்டது, சேர்?"

"'அவங்கள் போயிட்டாங்களா' எண்டு. திருப்பித் திருப்பிக் கேட்டுது. நீங்கள் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

அந்த வாங்கில் நான் எந்தப் பிள்ளையையும் இருத்தியிருக்கவில்லை. ஆனாலும் என் வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் போகமாட்டேன், கேட்டது யாராக இருந்தாலும் சரி. எல்லோரும் போன பிறகு வகுப்பின் முன்னால் நின்று உரத்துச் சொன்னேன்.

"ஓம், போயிட்டாங்கள். இனி நீ வீட்ட போகலாம், பிள்ளை."

இன்றுவரை என்னை உலுக்குவது இதுதான். நான் ஒருத்திக்குத்தான் சொன்னேன். மணியடித்ததும் பிள்ளைகள் எழும்புவது போல, அந்த வகுப்பிலிருந்த அத்தனை வாங்குகளும் ஒன்றாகக் கிறீச்சிட்டன.