இரண்டு பேருக்கும் ஒரே வலி

தன் மனைவி ஷாமினியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கொழுந்தன் ராஜன் போன் செய்தபோது, கோமளவல்லி பண்டமாரானில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்பே "எந்த ஆஸ்பத்திரி?" என்ற கேள்விதான் அவள் வாயில் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னான் ராஜன். பித்தப்பையில் கல்லாம். நாளை மறுநாள் ஆபரேஷனாம்.

"அவ்வளவு சீக்கிரமாவா?"

"கார்டு இருக்குல்ல அண்ணி. இன்சூரன்ஸ்காரன் ஓகே சொன்னா போதும், எல்லாம் அவனே பார்த்துக்குவான்."

கோமளா போனை மடியில் வைத்துக்கொண்டு வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தினாள். அவளுக்கும் அங்கே கல்தான். மாசியில் வலி வந்து, வேனைச் சாலையோரம் நிறுத்திவிட்டுச் சுருண்டு படுத்ததில் பின்னாலிருந்த பிள்ளைகள் பயந்து அழுதார்கள். கிள்ளானில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. அத்தனை கூட்டம். ஆபரேஷனுக்கு வருசக் கடைசியில் நாள் கொடுத்தார்கள். அதுவரை எண்ணெய் சேர்க்காதீங்க என்றார்கள். ஒரே கல்தான். அவளுக்கு வருசக் கடைசி, ஷாமினிக்கு நாளை மறுநாள்.

கோமளாவிடமும் ஒரு காலத்தில் மெடிக்கல் கார்டு இருந்தது. ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து, டீ குடித்து, பேப்பரில் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அவள் ஒழுங்காகக் கட்டி வந்தாள். கட்டின வருசங்களில் அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. "உங்களுக்கும் வயசு ஏறுதுல்ல ஆன்டி" என்று ஏஜெண்ட் சிரித்தான். கடைசியில் வேனுக்கு டயர் மாற்றுவதா, கார்டுக்குக் கட்டுவதா என்று வந்தபோது டயரை மாற்றினாள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, வேறென்ன செய்ய முடியும்? ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் அவள் புருஷன் தம்புசாமியும் அதைத்தான் சொன்னார். கார்டை நிறுத்தியதும் கல் வந்துவிட்டது.

ஷாமினி மேல் அவளுக்கு இருந்த பொறாமை இந்தக் கல்லில் தொடங்கியதில்லை. ஷாமினி சின்ன மருமகளாக வந்த நாளிலிருந்தே அது இருந்தது. ராஜனுக்கு ஆபீஸ் வேலை, லிப்ட் வைத்த கொண்டோவில் வீடு. மாமியார் சாகும்வரை கோமளா வீட்டில்தான் கிடந்தாள், வாய்க்கு வாய் சின்ன மருமகளைத்தான் புகழ்ந்தாள். இத்தனைக்கும் ஷாமினி கெட்டவள் இல்லை. வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவாள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். கோமளாவுக்கு அதுதான் பெரிய தொந்தரவு. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மத்தியான டிரிப்பைத் தெரிந்த இன்னொரு வேன்காரரிடம் சொல்லிவிட்டு, கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் காப்பி வாசனை வந்தது. மருந்து வாடையே இல்லை. ஷாமினிக்குத் தனி அறை. பக்கத்தில் ராஜன் உட்கார்ந்திருந்தான். பட்டனை அழுத்தினால் கட்டில் தலைமாட்டைத் தூக்கிக்கொடுத்தது. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"மத்தியானத்துக்குக் கஞ்சியா சூப்பான்னு கேக்குறாங்க அக்கா," என்றாள் ஷாமினி. "உங்க வலி எப்படி இருக்கு?"

"இருக்கு. என்னைக் கேக்கத்தான் ஆளில்ல," என்று கோமளா சிரித்தாள். 

கொஞ்ச நேரத்தில் ஒரு சீன டாக்டரும் அவரோடு நர்ஸ் உடுப்பில் ஒரு தமிழ் மிஸ்ஸியும் வந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி சில விவரம் கேட்கிறதாம். மிஸ்ஸி கட்டிலருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இந்த வலி முதல்ல எப்ப வந்துச்சு அக்கா?"

ஷாமினி ராஜனைப் பார்த்தாள். ராஜன் தரையைப் பார்த்தான். "இப்பதான், ரெண்டு வாரமா," என்றாள் ஷாமினி.

அது பொய் என்று கோமளாவுக்குத் தெரியும். ஷாமினிக்கு முதலில் வலி வந்தது கோமளாவின் வீட்டில்தான். ஒரு தீபாவளியன்று ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உருண்டாள். கோமளாதான் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். "கல்லா இருக்கலாம், ஸ்கேன் பாருங்க," என்று டாக்டர் சொன்னார். ஷாமினி பார்க்கவில்லை. ராஜன் அவளுக்கு இந்தக் கார்டை எடுத்ததே அதற்குப் பிறகுதான். கார்டு எடுக்கும் முன்னால் இருந்த வியாதிக்குக் கம்பெனி கொடுக்காது என்பதும் கோமளாவுக்குத் தெரியும். அவளுடைய ஏஜெண்ட் முதல் நாளே சொன்ன விசயம் அது.

பேசாமல் இருந்திருக்கலாம். யோசிக்கவும் அவளுக்கு நேரம் இருந்தது. மிஸ்ஸி எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போகப்போனாள். கோமளாவின் கண்ணில் அந்தக் கட்டில் பட்டது, ஜன்னல் பட்டது, மேசையில் ராஜனின் ஆபீஸிலிருந்து வந்திருந்த பழக்கூடை பட்டது.

"ரெண்டு வாரமா?" என்றாள், ஏதோ ஞாபகப்படுத்துவதைப் போல. "முந்தின தீபாவளிக்கே எங்க வீட்டுல சுருண்டு கிடந்தியே ஷாமினி. கிளினிக்ல கல்லுன்னு சொன்னாங்களே, மறந்துட்டியா?"

மிஸ்ஸி பேனாவை நிறுத்தினாள். டாக்டர் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ்ஸி சொன்னாள். டாக்டர் முகத்தில் எதையும் காட்டாமல் தலையை ஆட்டிவிட்டு எழுதச் சொன்னார். பிறகு அவர்கள் வெளியே போனார்கள்.

"அண்ணி," என்றான் ராஜன். 

ஷாமினி கோபப்படவில்லை. "பரவால்ல, அக்கா தெரியாம சொல்லிட்டாங்க," என்றாள்.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் கோமளா வடை வாங்கித் தின்றாள். எண்ணெய் கூடாது என்பது நினைவிருந்தும் தின்றாள். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது.

மறுநாள் ஷாமினிக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டது. கையிலிருந்து கட்டச் சொன்ன பணத்துக்கு ராஜன் கொண்டோவை விற்றால்தான் உண்டு. மாத்திரைகளோடு அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, அங்கே வரிசையில் கடைசியில் நிற்க வைத்தார்கள்.

தம்புசாமி வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார். "ராஜன் பேசினான். நீ அங்க என்ன சொன்ன?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"உள்ளதைச் சொல்ற ஆளா நீ?" என்று கேட்டுவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த மாதங்களில் கோமளா எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஷாமினியை அவளுக்குப் பிடிக்கத் தொடங்கியது. ஷாமினி அடிக்கடி போன் செய்தாள். எதைச் சாப்பிடலாம், எது ஆகாது, ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க எத்தனை மணிக்குப் போகவேண்டும், மாத்திரை வாங்க எந்த கவுண்டர் என்று கேட்டாள். கோமளா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். "மொதல்ல போய் நம்பர் எடுத்து வச்சுக்க, அப்புறமா பசியாறப் போ லா." ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் வரை போய் ஷாமினியோடு வரிசையில் உட்கார்ந்தும் வந்தாள். மின்விசிறி எட்டாத பிளாஸ்டிக் நாற்காலியில் ஷாமினி வியர்த்துப்போய்த் தன் தோளில் சாய்ந்திருந்தபோது, இவள் இப்படியே என் பக்கத்தில் இருந்தால் இவளை நன்றாக வைத்துக்கொள்வேன் என்று கோமளாவுக்குத் தோன்றியது. தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் நினைப்பதே இல்லை. நினைப்பு வந்தால் வேனில் ரேடியோவைக் கூட்டிவிடுவாள்.

மாமியாரின் திதிக்கு இருவரும் கோமளா வீட்டுக்கு வந்தார்கள். ஷாமினி சோறும் ரசமும் மட்டும் போட்டுக்கொண்டாள். அதையும் முடிக்காமல் எழுந்து போனவள் குளியலறையில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. கோமளா உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது கண்கள் மஞ்சளாக இருந்தன.

வாசலில் ராஜனின் காடியை மறித்து வேறு கார்கள் நின்றன. கோமளா வேனை எடுத்தாள். பிள்ளைகள் உட்காருகிற நீளச் சீட்டில் ஷாமினியைக் கிடத்தி, ராஜன் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு மேட்டிலும் ஷாமினி முனகியது கோமளாவுக்கு முதுகுக்குப் பின்னால் கேட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்காரர்கள் இந்த முறை காத்திருக்கச் சொல்லவில்லை. பார்த்தவுடனே உள்ளே கொண்டுபோனார்கள். பித்தப்பை சீழ் பிடித்து, அழுகத் தொடங்கியிருந்ததாம். சின்னத் துளை போட்டு எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்று இளம் டாக்டர் ஒருவர் ராஜனிடம் விளக்கினார். "முன்னமே எடுத்திருக்கணும்," என்றார்.

ராஜன் கோமளாவைப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நடைபாதையில் சுவரோடு ஒட்டி நின்று, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னாள். அவளை எடுத்துக்காதே, எதை வேணும்னாலும் எடுத்துக்கோ.

ஷாமினி பிழைத்தாள். சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வார்டுக்கு வந்தாள். பார்வையாளர் நேரத்தில் கோமளா போனபோது, முகம் சுருங்கி, உதடு வெடித்து, பாதி ஆளாகக் கிடந்தாள். அவளை உயிரோடு பார்த்ததில் கோமளாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி அடங்குவதற்குள்ளேயே இன்னொரு நினைப்பு எழுந்தது. இவளுக்கு முடிஞ்சிடுச்சு. எனக்கு இன்னும் உள்ளேதான் இருக்கு. இப்பவும் இவதான் முந்திக்கிட்டா.

கோமளா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுக்குப் பிறகும் இதுவா என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அக்கா," என்றாள் ஷாமினி. குரல் காற்றாக வந்தது. "அன்னைக்கு அந்த மிஸ்ஸி கேட்டப்ப... நீங்க தெரியாம சொல்லலதானே?"

பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோமளா என்னென்னவோ சொல்ல நினைத்தாள். நீயும் பொய்தானே சொன்னே என்று கேட்கலாம். அதுவும் உண்மைதான்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றாள்.

ஷாமினி கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும். அவர்கிட்டதான், அக்கா அப்படிச் செய்யமாட்டாங்கன்னு சண்டை போட்டேன்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க போங்க அக்கா, நான் தூங்கணும்," என்றாள்.

அதோடு போன் நின்றது. ராஜன் அண்ணனோடு மட்டும் பேசினான். தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. கோமளா பலகாரம் செய்து தம்புசாமியிடம் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. அதில் எதையும் போட்டு அனுப்பவில்லை.

வருசக் கடைசியில், சொன்ன நாளிலேயே கோமளாவுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு சிக்கலும் இல்லை. மறுநாள் சாயங்காலம் வார்டில் பாதித் தூக்கத்தில் கிடந்தவள் கண்ணைத் திறந்தபோது, கட்டில் கால்மாட்டில் ஷாமினி நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கொஞ்சம் முன்பக்கமாக வளைந்து, ஒரு கை வயிற்றைத் தாங்கினாற்போல் நின்றாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"ரெண்டு நாள்ல கொறஞ்சிடும்." அவள் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். "எனக்குத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. மார்க்கெட் பைகூடத் தூக்க முடியல. தையல் போட்ட இடத்துல இன்னும் இழுக்குது."

மிஸ்ஸி வந்து கட்டு பார்க்கவேண்டும் என்று கோமளாவின் மேல்சட்டையை விலக்கினாள். வயிற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டிப் பிளாஸ்திரிகள் மட்டும் ஒட்டியிருந்தன. கீறல் என்று சொல்லக்கூட அங்கே ஒன்றுமில்லை. "பாகுஸ், நல்லா இருக்கு, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்," என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி நகர்ந்தாள்.

ஷாமினி அந்தப் பிளாஸ்திரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவள் கை தன் புடவைக்கு மேலாக, விலாவிலிருந்து தொப்புள் வரை, தன்னை அறியாமல் போய்வந்தது. அந்தப் பார்வையைக் கோமளாவுக்கு நன்றாகத் தெரியும். அத்தனை வருசம் அவள் ஷாமினியைப் பார்த்த பார்வை அது. அதை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல்முறை.

அவள் போர்வையை இழுத்து மார்புவரை மூடிக்கொண்டாள்.

"டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள். "கீழ கேண்டீன்ல நல்லா இருக்கும். இவரு கீழதான் இருக்காரு, வாங்கிட்டு வருவாரு."

"பால் சேர்த்துக்கறதில்ல நான்," என்றாள் ஷாமினி. ஆனால் எழுந்து போகவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி ஜாகா வந்து சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.