முறிகண்டியில் திறந்த போத்தல்

வவுனியா பஸ் நிலையத்தில் காலை பத்து மணிக்கே நிலம் சுட்டது. நூறு ரூபாய்க்கு ஒரு லீற்றர் தண்ணீர் வாங்கினேன். வாங்கினேனே தவிர, திறக்கவில்லை. யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்பது பஸ் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் சட்டம். ஏன் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து இருக்கை அக்காவின் மடியிலும் ஒரு போத்தல் இருந்தது. புளியங்குளம் தாண்டியபோது அதைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்தார். நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

“ஆறு நிறையத் தண்ணி ஓடினாலும் நாய் நக்கித்தானே குடிக்கும், தங்கச்சி.”

“ஏன், தாகமில்லையோ?”

“தாகமில்லாமலோ? ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாறன். கிட்னியில கல்லாம். தண்ணியைக் குடி, இல்லாட்டி வெட்டவேணும் எண்டு டொக்டர் பேசினவர். வெட்டினால் இந்தப் போகம் ஆர் உழைக்கிறது?”

அவர் பரந்தனில் களை பிடுங்கும் கூலிப்பெண். இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்குப் பாயும் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றும் விடியலில் இருந்து மதியம்வரை ஒரு மிடறு குடிப்பதில்லையாம். வெட்டவெளி வயலில் ஒதுங்க ஒரு செடி, பற்றைகூட இல்லை. சுற்றிவரத் தண்ணீர் இருந்தும் இப்படியா என்று எனக்கு அந்தரமாக இருந்தது.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் இந்த வீதியில் எந்த பஸ்ஸும் போகாது. சாரதி தேங்காய் உடைக்கப் போக, நாங்கள் இருவரும் கழிப்பறைக்குப் போனோம். திரும்பி வந்ததும் அக்கா போத்தலை அண்ணாந்து முழுவதும் குடித்தார். நானும் என் சட்டத்தை மீறினேன். வயிறு குளிர்ந்தது.

“நாலு தடி, கொஞ்சம் தென்னோலைக் கிடுகு. வரம்பில மறைப்புக் கட்டினால் காணும்,” என்றார்.

“வயல்காரரிட்டைக் கேட்டனீங்களோ?”

“இதையெல்லாம் ஆம்பிளையளிட்டை எப்பிடிக் கேக்கிறது?”

கிளிநொச்சி தாண்டியதும் நான் குடித்த தண்ணீர் வேலையைக் காட்டியது. யாழ்ப்பாணமோ இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பரந்தன் சந்தியில் அக்கா இறங்க எழுந்தபோது, நானும் எழுந்து நடத்துநரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, எனக்குக் கக்கூசுக்குப் போகவேணும். ஒருக்கா நிப்பாட்டி வையுங்கோ.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. நடத்துநரோ, “அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால, அக்கா. ஆறுதலாப் போட்டு வாங்கோ,” என்றார். அவ்வளவுதான்.

நான் திரும்பி வரும்போது அக்கா வெறும் போத்தலைக் கக்கத்தில் இடுக்கியபடி, சந்தியில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நாங்கள் களை பிடுங்க வாறதெண்டால் வரம்பில ஒரு கிடுகு மறைப்பு வேணும்... ஓம் ஐயா, கக்கூசுக்குத்தான்.”

மறுபக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. அவர் போனை வைக்கவில்லை. பஸ் வெளிக்கிட்டது. கடையில் வாங்கிய இரண்டாவது போத்தலைத் திறந்தேன்.