ஞானம்மா அக்காவின் கைப்பிடி அரிசி

ஞானம்மா அக்காவைப் பற்றி நான் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள், ஞாயிறன்று கோயிலில் இது வாசிக்கப்படும்போது, தவறிருந்தால் திருத்துங்கள்.

இன்று பள்ளி விட்டு வரும்போது ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை நின்றிருந்தது. மலாக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த லாரி டிரைவர், காய்ச்சலில் அக்கா காலமானதைச் சொல்லியிருந்தார். வாளிகள் தரையில் இருந்தன. கணக்கெழுதும் கிராணியும் யாரையும் விரட்டவில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அக்கா அடுத்த வீடு. உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துப் பால்டின்னில் போடுவார். ஞாயிறன்று அது செலண்டார் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் காணிக்கைப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு ரேஷனைக் குறைத்த வாரம், மற்ற வீடுகளில் இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். அக்கா நிறுத்தவில்லை. "நமக்கே பத்தலையே ஞானம்," என்றார் அம்மா.

"குடுக்கிறவரும் ஆண்டவருதான், கேக்கிறவரும் அவருதான்லா. நான் நடுவுல நிக்கிறவ," என்றார் அக்கா.

அந்த ஞாயிறு வேலி வாசலில் சோதனை. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அக்காவின் பையில் அரிசி இருந்தது. சட்டம் அவருக்குத் தெரியும். ஆனால் சாமிக்கென்று எடுத்து வைத்த பிறகு அது ரேஷன் அரிசி என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கிராணி பதறி, "கோழிக்குன்னு சொல்லிடு, விட்டுடுவாங்க," என்று கிசுகிசுத்தார்.

"கோழியே வளக்கலையேண்ணே," என்ற அக்கா, போலீஸ் அதிகாரியிடம் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கிராணியிடம் சொன்னது இதுதான்: "இது சாமிக்கு வெச்சது. நான் கொண்டுபோகக் கூடாதுன்னா ஐயா கொண்டுபோகட்டும். உரிய எடத்துக்குப் போனாப் போதும்."

அதிகாரி சிரிக்கவில்லை. அக்காவை ஜீப்பில் ஏற்றினார். அப்படி ஏறிய சிலர் தடுப்பு முகாமிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பின்னால் கோயிலுக்கு லாரியில் போன எங்களில் ஒருவரும் வழக்கமான பாட்டைப் பாடவில்லை. ஜீப் கோயில் வாசலில் நின்றது. கோயிலைக் கவனிக்கும் உபதேசியார் பெட்டியைத் திறந்து காட்டினார். அது காலியாக இருந்தது. அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு தம் கையாலேயே அந்த அரிசியைப் பெட்டியில் கொட்டினார். இனிமேல் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பிறகு ஒருபோதும் கொண்டுபோகவில்லை. ஆனால் கைப்பிடி நிற்கவில்லை. வேலிக்குள்ளேயே காய்ச்சலில் படுத்தவர்களுக்குக் கஞ்சியானது. குடித்தவர்களில் பாதிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். "யாருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியும்," என்பார் அக்கா.

இன்று மாலை அம்மா அரிசி அளந்தபோது ஒரு கைப்பிடி எடுத்து அக்காவின் பால்டின்னில் போட்டார். இனி அதைக் கஞ்சி தேவைப்படும் வீடுகளுக்குக் கொண்டுபோவது என் வேலை. நடுவில் நிற்கும் அந்த இடத்தைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்டேட் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்; எழுதுவதை இத்துடன் நிறுத்துகிறேன்.