பெரியவருக்கு என்ன வேலை?

பந்தயக் குதிரை லாயத்தில் லாடம் அடிப்பவருக்கு ஆணிவாயர் என்று பெயர் வைத்தவர்கள் அங்கிருந்த குதிரைக்காரர்கள்தான். வேலை நேரத்தில் எப்போதும் நாலைந்து ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பார். யார் எதைக் கேட்டாலும் 'ம்' ஒன்றே பதில். வாயில்லாப் பூச்சி என்று லாயமே நம்பியது. வீட்டில் அவர் மனைவியைக் கேட்டால் சிரிப்பாள். ஆணியைத் துப்பிவிட்டால் அந்த மனிதரை அடக்க ஆளில்லை.

அன்று மேனேஜர் வந்து, "பெரியவர் லாடத்தைக் கழட்டிடுங்கண்ணே. நாளைக்கு வியாபாரி வண்டியோட வர்றான்" என்று சொன்னதும் துப்பினார்.

பெரியவர் ஒரு பழுப்புக் குதிரை. ஆரம்பத்தில் சில பந்தயங்களை ஜெயித்துக் கொடுத்தது. முட்டி வீங்கிய பிறகு, முன்னால் போகிற குதிரைகளின் வால்களெல்லாம் அதற்கு மனப்பாடம் என்று கேலி செய்தார்கள். சின்ன வயதிலேயே காயடித்துவிட்டதால் குட்டிக்கும் வழியில்லை. வியாபாரியின் வண்டி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் லாடக் கொட்டகையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. முதல்முறை லாடம் கட்ட வரும் இளங்குதிரை சுத்தியல் சத்தத்துக்கே மிரளும். பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்திருக்கும் நேரத்தில் உதறினால் ஆணிவாயரின் விலா எலும்பு மிஞ்சாது. அதனால் பக்கத்தில் பெரியவரைக் கட்டிவைப்பார்கள். அது ஒரு காலைத் தளர்த்திக்கொண்டு, கீழுதடு தொங்கத் தூங்கி வழியும். அதைப் பார்த்து இளசும் அடங்கிவிடும்.

"இது போயிட்டா இந்தப் பொடிசுங்க பக்கத்துல யாரு நிப்பா? நீங்க நிப்பீங்களா?" என்று கேட்டார் ஆணிவாயர்.

பக்கத்திலிருந்த குதிரைக்காரர் குனிந்து வைக்கோலைப் பார்த்துச் சிரித்தார்.

"வேலைக்கு ஆகாததுக்குத் தீனி எதுக்குன்னு முதலாளி கேக்கறார்ணே."

"வேலைக்கு ஆகாதுன்னு யார் சொன்னது? என் வேலைக்கு ஆகும். இது இல்லாம நான் குனிய மாட்டேன். சனிக்கிழமை பந்தயத்துல எல்லாத்தையும் வெறுங்காலோட ஓட விடுங்க."

மேனேஜர் ஓரமாகப் போய் போனில் பேசினார். மறுநாள் வண்டி வரவில்லை.

வீட்டில் ஆணிவாயர் இதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை மேனேஜரின் முகம் இன்னும் அதிகமாக வெளுத்தது. மகள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் அவள். வேலை தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்குப் பெரியவருக்கே கண்ணு மங்கி, அதுவும் சத்தத்துக்கு மிரள ஆரம்பிச்சா?"

"அதெல்லாம் மிரளாது."

"மிரண்டா? அப்ப வண்டி வரலாமா?"

"என்னடி பேச்சு இது?"

"நீங்க அப்படித்தானே சொல்லிட்டு வந்திருக்கீங்க. வேலைக்கு ஆகும், அதனால இருக்கட்டும்னு. என்னையும் போற எடத்துல எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. உன்னால எங்களுக்கு என்ன ஆகும்னு. எனக்குப் பதில் தெரியலப்பா. ஆனா கேள்வியைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது."

"சாப்பிடற மனுஷனைப் போட்டுக் குடையாதே" என்றாள் மனைவி.

ஆணிவாயருக்கு முதலில் மகள் மேல் கோபம் வந்தது. கை கழுவும்போது அது திசை மாறியது. மேனேஜர் பேச்சைத்தான் தானும் பேசிவிட்டு வந்திருக்கிறோம். அதைப் பெரிய வீரமாக வேறு நினைத்துக்கொண்டோம். இடுப்பு நிமிராமல் போகும் நாளில் தன்னைப் பற்றியும் யாரோ ஓரமாகப் போய் போனில் பேசுவார்கள்.

அந்த வாரமே முதலாளி லாயத்துக்கு வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். கொட்டகை வாசலில் நின்று, "என்னப்பா, உன் கூட்டாளி ஒழுங்கா வேலை பார்க்குதா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 'ம்' சொன்னால் போதும், குதிரை பிழைத்தது. ஆணிவாயருக்கு அது நன்றாகத் தெரிந்தது. இருந்தும் ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பார்க்குதுங்கய்யா. பார்க்காட்டியும் அது இங்கதான் இருக்கணும்."

"சும்மாவா? யாரு தீனி போடறது?"

"ஓடின காலத்துல அது உங்களுக்குப் போட்டுச்சு. யானைக்கு மட்டும் இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுங்கறோம். குதிரை தோத்தா கசாப்புக் கடையா? உசுரோட இருக்கு, அது போதாதுங்களா? அதுக்கு மேல ஒரு காரணம் நான் சொல்லணுமா?"

சிரிப்பு நின்றது. முதலாளி பெரியவரைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் பக்கம் திரும்பி, சாந்தமாகவே சொன்னார்.

"வேற லாடக்காரனைப் பாருங்க."

"குதிரைங்கய்யா?"

"அது இங்கயே இருக்கட்டும். புது ஆளுக்கு அது இன்னும் அதிகமா வேணுமே."

வேலை போனதைவிட அந்த 'வேணுமே' தான் ஆணிவாயரைச் சுட்டது. அவ்வளவு சொல்லியும் அந்த மனிதரின் காதில் விழுந்தது அவ்வளவுதான். மடியில் இருந்த இளங்குதிரையின் காலைப் பாதியில் விட மனமில்லாமல் மீதி ஆணிகளை அடித்து முடித்தார். பிறகு சுத்தியலையும் அரத்தையும் பையில் போட்டார்.

வாசல்வரை குதிரைக்காரர் கூடவே வந்தார். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ணே."

"பெரியவர் வேலைக்கு ஆகாதுன்னு சொல்ற அன்னைக்கு, வண்டிக்கு முன்னாடி எனக்குச் சொல்லி அனுப்பு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எங்க கட்டுவீங்க? உங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு ரூம்."

"ஒண்ணுல கட்டறேன்."

"அக்கா என்ன சொல்வாங்க?"

"திட்டுவா" என்றார் ஆணிவாயர். "ஆனா அது எதுக்கு ஆகும்னு கேக்க மாட்டா."