ரியூப்லைற் வெளிச்சத்தில் கலந்த நிறம்

பழைய குசினி அலுமாரிகளைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கும் பட்டறையொன்று ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பன்னிரண்டு வருடமாக நிறம் கலந்தவர் சூசைரட்ணம். உடைந்த கதவுக்குப் பதிலாகப் புதுக் கதவு போட்டால், அது நாற்பது வருடம் பழகிய மற்றக் கதவுகளோடு நிறத்தில் ஒத்துப்போக வேண்டும். அதற்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவர் நம்பினார். முதலாளி ஆர்னேயும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

2005இல் மரியரஞ்சனிக்கு அங்கே வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். மன்னார்க்காரி, கோயிலில் பழக்கம், அவரைவிட இரண்டு வயதுதான் குறைவு. மரம் தேய்க்கிற வேலை அவளுக்கு. வந்த மூன்றாம் மாதம், அவர் இரண்டு நாளாக மல்லுக்கட்டிய ஒரு கதவைப் பார்த்துவிட்டு, "சிவப்புக் கூடிப்போச்சு அண்ணை. ஒரு சொட்டுப் பச்சை விட்டுப் பாருங்கோவன்" என்றாள்.

விட்டார். எது பழைய கதவு, எது புதுக் கதவு என்று ஆர்னேக்கே தெரியவில்லை.

அதன்பிறகு "ரஞ்சனியையும் கேள்" என்றார் ஆர்னே. ஒரு மாதத்தில் அது "ரஞ்சனியைக் கேள்" என்றானது.

ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, "உங்கடை பட்டறையிலை இப்ப ரஞ்சனிதானாம் நிறம் பாக்கிறது?" என்று கோயிலில் பழகிய கிளெமென்ற் கேட்டான்.

"ஓம், நான்தான் சேர்த்துவிட்டனான்" என்று சிரித்தார் சூசைரட்ணம். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வீட்டில் மனைவி அருள்ராணி ரஞ்சனியைப் பற்றி நல்லதாக ஏதும் சொன்னால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். ரஞ்சனி எப்போது பிழைவிடுவாள் என்று பார்த்திருந்தார்.

மார்கழியில் ஓர் ஆசிரியை வீட்டு அலுமாரிக்கு இரண்டு புதுக் கதவுகள் போடவேண்டி வந்தது. பின்னேரம் மூன்றரைக்கே வெளியே இருட்டு. ரஞ்சனி ரியூப்லைற்றுக்குக் கீழே நின்று சாயம் கலந்தாள். அந்த வெளிச்சத்தில் பொருந்தும் நிறம் பகலில் வேறாகத் தெரியும். சூசைரட்ணம் தன் முதல் குளிர்காலத்தில் அவமானப்பட்டு அறிந்துகொண்டது அது.

"சரியோ அண்ணை?"

"நல்லாயிருக்கு."

மறுநாள் மத்தியானம் கதவுகளைக் கொண்டுபோய் அலுமாரியில் பொருத்தினார்கள். யன்னல் வெளிச்சத்தில் அந்த இரண்டு மட்டும் சிவந்து தெரிந்தன. ஆசிரியை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆர்னே ரஞ்சனியைத் திரும்பிப் பார்த்த பார்வை சூசைரட்ணத்துக்கு ஒரு கணம் இனித்தது. ரஞ்சனி கதவுகளைக் கழற்றினாள்.

ஆர்னே தன் காரில் போனார். திரும்பும்போது பட்டறை வான் வண்டியில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

பொய் வாய்க்கு வந்தது. சொல்ல முடியவில்லை. "ஓம்."

"பிறகேன் நல்லாயிருக்கெண்டனீங்கள்?"

"எரிச்சல், ரஞ்சனி. நான் கொண்டுவந்து விட்ட ஆள் என்னைத் தாண்டிப் போறதைப் பொறுக்கேலாமல் போச்சு."

பட்டறை வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள்: "இதை ஆர்னேட்டை நீங்களே சொல்லுங்கோ."

சொன்னார். ஆர்னே அந்தக் கதவுகளைத் திருத்தச் சொல்லி அவரிடமே கொடுத்தார். சூசைரட்ணம் இரண்டையும் மரம் தெரியச் சுரண்டினார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு யன்னலடியில் வைத்து, தன் கைத்திறன் முழுவதையும் காட்டிச் சாயம் கலந்தார். ஏறக்குறையப் பொருந்தியது. ரஞ்சனி வந்து எதையோ கொஞ்சம் சேர்த்துக் கலக்கினாள். முழுவதுமாகப் பொருந்தியது. அப்போதும் அவருக்கு வயிறு எரிந்தது.

2009இல், நிறப் பகுதிக்கு யாரைப் பொறுப்பாக விடலாம் என்று ஆர்னே அவரிடம் கேட்டார்.

"ரஞ்சனியை" என்றார் சூசைரட்ணம். அன்றிரவு அருள்ராணி அதைப் பற்றிக் கேட்டபோது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.