இல்லாத மச்சம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சான்றிதழுக்கு அங்க அடையாளங்களை எழுதுவது எங்கள் பள்ளியில் என் வேலை. ஆளுக்கு இரண்டு மச்சம் வேண்டும். ஒன்று சுலபமாகக் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் நாற்பது பேர் வரிசை. இடது முன்கையில் ஒரு மச்சம் என்று நானே எழுதிவிடுவேன். இருபது வருடமாக அப்படித்தான் ஓட்டினேன். எனக்கும் என் டீச்சர் அப்படித்தான் எழுதினார்.

எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஆபரேஷன். கட்டியோடு, அக்குளில் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளில் இரண்டையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிச்சில் ஒன்றும் இல்லையென்றால் கட்டியோடு போயிற்று. இருந்தால் நோய் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். ஒரு முடிச்சின் ஓரத்தில் வேறு மாதிரி செல்கள் கொஞ்சம் இருக்கின்றன, பார்த்தால் மச்சத்து செல் போல இருக்கிறது என்றார்.

"சிலருக்குப் பிறவியிலேயே அங்க இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா மச்சத்துல வர்ற கேன்சரும் நெறிக்குத்தான் போகும். சில நேரம் மேல மச்சம் மறைஞ்சிடும், கேன்சர் நெறியில நிக்கும். அதனால கேக்கறேன். இந்தக் கையில மச்சம் இருந்து எடுத்திருக்கீங்களா? தானா மறைஞ்சிருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

"இருந்துச்சு சார்" என்றார் என் கணவர்.

அவருக்கு எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் வேலை. மாத்திரை வாங்கப் போனாலும் ஃபைலோடுதான் போவார். அதிலிருந்து என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை உருவி மேஜைமேல் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். இடது முன்கையில் ஒரு மச்சம்.

டாக்டர் என் கையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. அவர் முகம் மாறிவிட்டது.

"எப்போ மறைஞ்சுது?"

"அது இருந்ததே இல்ல டாக்டர். டீச்சர் சும்மா எழுதினாங்க."

"சும்மா எப்டி எழுதுவாங்க? கவர்மென்ட் சர்டிஃபிகேட்" என்றார் கணவர்.

எப்படி எழுதுவார்கள் என்பதை இரண்டு பேருக்கும் நான் விளக்க வேண்டியதாயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. நம்பினாரா என்றும் தெரியவில்லை. செல்லுக்குச் சாயம் போட்டுப் பார்க்கிற இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் ஆகும் என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாரு. சின்ன வயசுல இருந்திருக்கும், நீ மறந்துட்டிருப்ப" என்று செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கணவர் மூன்று தடவை சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் மூன்றாம் நாள் நானே பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாவாடை தாவணியில் நிற்கிற ஒரு படத்தில், முன்கையில் ஒரு கரும்புள்ளி. தூக்கிவாரிப் போட்டது. நகத்தால் சுரண்டினேன். அழுக்கு, வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் படத்தை நாலு முறை எடுத்துப் பார்த்தேன்.

பதினோராம் நாள் டாக்டர் சொன்னார்: வெறும் மச்ச செல்தான். நோய் முடிச்சுக்குப் போகவே இல்லை. அன்று பௌர்ணமி. திரும்பி வந்த பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆட்டோவும் கிடைக்கவில்லை. கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் நான் அழுதேன். கணவர் ஃபைலை வெயிலுக்கு என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே வந்தார்.

இந்த வருடம் மறுபடி வரிசை நின்றது. ஒரு பெண் கழுத்தில் இருந்த ஒரு மச்சத்தைக் காட்டிவிட்டு, "இன்னொண்ணு இல்ல மிஸ். நீங்களே போட்டுக்குங்க. எங்க அக்காவுக்கும் நீங்கதான் கையில போட்டீங்களாம்" என்றாள்.

அவளை ஜன்னலோரம் கூட்டிப் போய் இரண்டு கையையும் பார்த்தேன். இல்லை. இரண்டாவது இடத்தில் 'இல்லை' என்றே எழுதினேன். தலைமையாசிரியர் திட்டுவார், திட்டட்டும்.

"வீட்டுக்குப் போனதும் அக்காகிட்ட சொல்லு" என்றேன். "கையில அந்த மச்சம் எப்பவுமே இருந்ததில்லைனு சொல்லு. மறக்காம ஞாபகம் வச்சுக்கச் சொல்லு."