வெள்ளி பூசிய போலீஸ் ரிவால்வர்

பழம்பொருளுக்கு வயது சொல்லும் தொழிலில் துருவைக்கூடச் சமாளித்துவிடலாம், பளபளப்பைத்தான் முடியாது. இதே தொழிலின் அடுப்பில் வேகும் உங்களுக்கு அது தெரியாததா?

அப்பாவுக்கு மரியாதை

ஷார்ஜாவில் எங்கள் கடைக்குப் புஜைராவிலிருந்து அபூ ராஷித் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். உரிமம், போலீஸ் அனுமதி எல்லாம் கையில் இருந்தன. அவை இல்லாமல் நான் துப்பாக்கியைத் தொடுவதில்லை. விற்பதும் இல்லை, பார்த்துச் சொல்வதோடு சரி. துணியை விலக்கினால், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறது ஒரு பழைய போலீஸ் ரிவால்வர். தகப்பனார் ஓய்வு பெற்றபோது படையில் கொடுத்ததாம். இங்கே தகப்பனின் இடுப்புக் கத்திக்கு வெள்ளி பூசி வைப்பது மரியாதை. கத்திக்குப் பூசும் தட்டாரிடமே இதையும் கொடுத்துவிட்டார். வெளியே இருந்த எண்ணும் முத்திரையும் பூச்சில் மூழ்கிவிட்டன.

அவர் விலை கேட்கவில்லை. 1971இல் எமிரேட்டுகள் ஒரே நாடாவதற்குப் பல வருஷம் முன்னால் கடற்கரையில் ஒரு மீனவர் சுடப்பட்டு இறந்தார். இவர் தகப்பனார்தான், இதே துப்பாக்கியால் சுட்டார் என்பது ஊர்ப் பேச்சு. செத்தவரின் மகன் கமீஸ் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். இவருடைய ஸலாமுக்கு இன்றுவரை பதில் சொன்னதில்லை.

"இது அந்த மனுஷனைக் கொன்றிருந்தால் என் வீட்டில் இருக்கக் கூடாது. கதை மாஃபி, ஷைபா. உண்மையைச் சொல்" என்றார். மாஃபி என்றால் கூடாது, ஷைபா என்றால் கிழவன்; மூத்தவர் அவர், கிழவன் நான்!

கொலைக்கு ஒரு கையெழுத்து

விஷயம் எப்படியோ அபுதாபி சேகரிப்பாளர் ஒருவர் காதுக்குப் போய்விட்டது. வெள்ளி பூசியதென்றால் முகம் சுளிக்கும் ஆசாமி. ஆனால் ஆளைக் கொன்ற துப்பாக்கி என்று நான் எழுதிக் கொடுத்தால் பூச்சோடு எடுத்துக்கொள்வாராம்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் சிவம் யாழ்ப்பாணத்துக்காரர்; எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல என்னைக் காக்கா என்பார். என் சரித்திரம் அவருக்கு மனப்பாடம். ஒட்டகச் சேணத்தைக் காட்டி, அதைச் சுமந்த ஒட்டகத்தின் தாயார் பெயர்வரை சொன்னவன் நான்.

"என்ன காக்கா யோசிக்கிறியள்? தேத்தண்ணிக் கோப்பைக்கே சரித்திரம் சொல்லுற ஆள், இதுக்கு ஒரு கையெழுத்துத்தானே!" என்றார்.

பிடிக்குள்ளே

தட்டார் மரப்பிடியைக் கழற்றாமலே வெள்ளி பூசியிருந்தார். அவர் சோம்பேறித்தனத்துக்கு நான் கடன்பட்டவன். திருகைக் கழற்றினேன். உள்ளே பழைய கறுப்பு இரும்பு, அதில் போலீஸ் கிடங்கின் முத்திரை. அந்தச் சின்னத்தைப் பழைய தொப்பிகளிலும் பெல்ட்டுகளிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எமிரேட்டுகள் ஒன்றான பிறகு வந்த சின்னம் அது; புதுத் துப்பாக்கி கிடங்குக்கு வந்ததும் அடிப்பது. இந்த ரிவால்வர் படைக்கு வந்தபோது, மீனவர் மண்ணுக்குள் போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

அபூ ராஷித் பிடியின் இரண்டு மரத் துண்டுகளையும் கையில் பிடித்தபடி நின்றார்.

"இதை நீயே கமீஸிடம் சொல். நான் சொன்னால் அவன் காதில் ஏறாது."

குடிக்காத கஹ்வா

இருவரும் வந்தார்கள். கஹ்வா, அதாவது அரபுக் காப்பி, கொடுத்தேன். கமீஸ் கோப்பையைத் தொடாமல் முன்னால் வைத்தார். கேட்க வந்தவர் பதில் கிடைக்கும்வரை குடிக்கமாட்டார். இங்கே அதுதான் வழக்கம். முத்திரையைக் காட்டினேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்படியானால் இவன் தகப்பன் சுடவே இல்லையா?"

மீனவர் செத்த அன்று அபூ ராஷித்தின் தகப்பனார் ஓமானில் பேரீச்சம்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை, பழத்தின் ருசி உட்பட, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இந்தத் துப்பாக்கி சுடவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாது."

அபூ ராஷித் தலை குனிந்துகொண்டார். கமீஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறிப்போன கோப்பையை எடுத்து, ஒரே மடக்கில் குடித்தார்.

"சுடவே இல்லை என்று நீ சொல்லியிருந்தால் எதையுமே நம்பியிருக்கமாட்டேன். அபூ ராஷித், இன்னொரு தடவை ஸலாம் சொல், கேட்போம்."

சேகரிப்பாளர் கணக்கில் அந்த ரிவால்வர் இன்றைக்கு வெறும் இரும்பு. என் தொழிலில் ஒரு பொருளின் மதிப்பை இவ்வளவு நிம்மதியாக நான் கெடுத்ததே இல்லை.